ஈரத்தில் மட்டும் வரும் சத்தம்

“மொதல்ல பழசைக் கேக்கணும். அப்புறம்தான் புதுசு” என்றாள் லோர்னா.

ஒர்க்‌ஷாப்பில் இருந்தது மூன்று பேர். கார் வாங்க வந்த லோர்னா. காரை விற்க வந்த ரோலண்ட். இருவருக்கும் நடுவில், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மெக்கானிக் டேல்.

ரோலண்டுக்கு இந்தக் காரை இன்றைக்குத் தள்ளிவிட்டாக வேண்டும். வீட்டை விற்றாயிற்று. சனிக்கிழமை அரிசோனாவுக்கு, மகள் வீட்டோடு போய்ச் சேருகிறார். மிச்சம் இருப்பது இந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மட்டும்தான். வந்தவர்கள் எல்லோரும் ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்ஜின் விக்குகிறது என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இவள் ஒருத்திதான், “காயில் மாத்தற செலவு என்னோடது. டேல்னு ஒருத்தர் ஒர்க்‌ஷாப் இருக்கு, அங்க கொண்டு வந்துடுங்க” என்று போனில் சொன்னவள். ஏரிக்கரை ரோட்டில் இவ்வளவு தூரம் வர ரோலண்டுக்கு இஷ்டமில்லை. வேறு வழியில்லாமல் வந்தார்.

“இன்ஜின்ல வேற ஒரு கோளாறும் இல்ல மேடம்” என்றார். “இக்னிஷன் காயில் தேஞ்சு போச்சு. பொறி சரியா விழல. வயசான வண்டி இல்லையா? எனக்கு முட்டி, அதுக்குக் காயில்.”

“முட்டியையும்தான் இப்பல்லாம் மாத்தறாங்க” என்றார் டேல்.

லோர்னா சிரிக்கவில்லை. சுவரோரம் அடுக்கியிருந்த டயர்கள் மேல் உட்கார்ந்திருந்தாள். ரோலண்ட் உள்ளே வந்தபோதே அங்கேதான் இருந்தாள். கார் வாங்க வந்தவள், எழுந்து ஒரு சுற்று சுற்றிப் பார்க்கவில்லை. பெயின்டைத் தடவவில்லை. எத்தனை மைல் ஓடியது என்று கேட்கவில்லை. காதை மட்டும் காரின் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

டேல் முன்பக்கம் குனிந்தார். “ஒரு ஹெட்லைட் மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி மினுக்குதே?”

“மான். போன அக்டோபர்ல குறுக்க பாஞ்சிடுச்சு.”

“இந்தப் பக்கம் மானுக்கு லைட்டைக் குடுக்காதவன் யாரு!”

“வேற யாராவது இந்தக் காரை ஓட்டுவாங்களா?” லோர்னா கேட்டாள்.

ரோலண்டுக்கு முகம் மலர்ந்தது. பழைய கார் விற்பவனுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடையாது. “என்னைத் தவிர ஒருத்தரும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்ல மேடம். செத்துப்போன என் பொண்டாட்டிகூட. மகளுக்கும் சாவி குடுத்ததில்ல. வேணும்னா எழுதியே தரேன்.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே.”

டேல் சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரு பிசிறு இல்லாமல் ஓடியது.

“பாத்தீங்களா! இன்னிக்குச் சமத்தா இருக்கு” என்றார் ரோலண்ட்.

“காஞ்ச நாள்ல தேஞ்ச காயில் நல்லா நடிக்கும் சார். ஈரம் பட்டாத்தான் குணம் தெரியும்.” டேல், செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்தார்.

“அது எதுக்குப்பா? அதான் புதுசு மாட்டப் போறியே?”

“கேட்டது அவங்க.”

“கெட்டுப்போனதைக் கேட்டு என்ன மேடம் பண்ணப் போறீங்க? புதுசை மாட்டிட்டுக் கேளுங்க, வெண்ணெய் மாதிரி ஓடும்.”

“புதுசு எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்கும்” என்றாள் லோர்னா. “தேஞ்சதுதான் ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி.”

டேல் காயில்கள் மேல் தண்ணீரைத் தெளித்தார். சூட்டில் வெள்ளையாக ஆவி எழுந்து காரின் முகத்தை மூடியது. இன்ஜின் ஒரு தடவை தடுக்கியது. பிறகு விக்க ஆரம்பித்தது. ஒற்றைக் காலை இழுத்து இழுத்து யாரோ நடப்பதுபோல ஒரு சத்தம்.



“ஆக்ஸிலேட்டர் வேணாம்” என்றாள் லோர்னா. “நின்ன எடத்துலயே ஓடட்டும்.”

கண்களை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு விக்கலுக்கும் அவள் உதடு முன்கூட்டியே அசைந்தது. அடுத்து எங்கே தடுக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. டேல் மறுபடி தெளித்தார். மேஜை மேல் ஸ்பேனர்கள் நடுங்கின.

“போதும்பா, நிறுத்து” என்றார் ரோலண்ட். “வண்டி பாழாயிடும்.”

“இன்னும் கொஞ்சம்” என்றாள் கண்ணைத் திறக்காமல். “இவ்வளவு நேரம் பத்தாது.”



ஒருவழியாக அவள் கையைத் தூக்கினாள். டேல் இன்ஜினை நிறுத்தினார். சூடான இரும்பில் தண்ணீர் பொரியும் சத்தம் மட்டும் மிஞ்சியது.

“பிடிக்கலன்னா சொல்லிடுங்க மேடம். நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்.” ரோலண்ட் சாவிக்காகக் கையை நீட்டினார்.

டேல் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புதுக் காயில்கள் பெட்டி பிரிக்காமலே கிடந்தன.

“மாத்தாதே டேல். இது இப்படியே இருக்கட்டும்” என்றாள் லோர்னா.

“சரிக்கா” என்றார் டேல்.

“போன அக்டோபர்ல இந்த ஏரிக்கரை ரோட்டுப் பள்ளத்துல கெடந்தப்ப கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, அவ்வளவு பனிமூட்டம். காது மட்டும்தான் இருந்துச்சு” என்றாள் அவள், ரோலண்டைப் பார்த்து. “இடிச்சதும் போயிருந்தா, பயத்துல ஓடிட்டான்னு விட்டிருப்பேன். இது நின்னுச்சு. நான் கூப்பிடக் கூப்பிட, இதே மாதிரி விக்கிக்கிட்டு, என் தலைக்கு மேல ரொம்ப நேரம் நின்னுட்டு, அப்புறம்தான் போச்சு.”

ரோலண்ட் வாசல் பக்கம் திரும்புவதற்குள், அவர் முதுகுக்குப் பின்னால் டேல் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டார்.