போர்டில் இல்லாத முயல்

"அழிக்கிறதுதான் அழிக்கிற, அதைச் சீட்டி அடிச்சுக்கிட்டேவா அழிப்ப?"

ஏணிக்குக் கீழே நின்று தையலக்கா கத்தினாள். மேலே இருந்த பெயின்டர் தம்பி அதைக் காதிலேயே வாங்கவில்லை. 'முயல் தையல் கடை' என்ற எழுத்தெல்லாம் வெள்ளைக்குள் போய்விட்டது. பக்கத்தில் வரைந்திருந்த முயலுக்குக் காது மட்டும் மிச்சம்.

அந்த முயல் வேறு யாருமில்லை, அக்காவின் மகள்தான். சின்ன வயதில் முன்பல் இரண்டும் எடுப்பாக இருந்ததால் வந்த செல்லப்பெயர். மகள் கல்யாணமாகிப் போன பிறகும் கடை அந்தப் பெயரில்தான் ஓடியது. "முயல் கடை எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள்.

போன மாதம் மெயின் ரோட்டில் ஒரு பெரிய ரெடிமேட் கம்பெனி ஷோரூம் திறந்தது. அந்தக் கம்பெனிக்கும் பெயர் முயல். பின்னாலேயே நோட்டீஸும் வந்தது. உங்கள் போர்டில் முயல் என்ற சொல்லோ படமோ இருக்கக் கூடாதாம்.

"அந்தக் கம்பெனி பொறக்குறதுக்கு முன்னாடியே போர்டு வெச்சவ நான்!" என்று அக்கா வக்கீலிடம் போய் நின்றாள்.

"நியாயம் உங்க பக்கம்தாம்மா," என்றார் வக்கீல். "ஆனா பேரை அவங்க பதிவு பண்ணிட்டாங்க, நீங்க பண்ணல. பேசியும் பாத்துட்டேன், தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்கிறாங்க. கேஸ் போட்டா அவங்க பக்கம் ஒரு ஆபீஸே வந்து உக்காரும். உங்க பக்கம் நீங்களும் நானும். அதுலயும் எனக்கு மூட்டு வலி."

பள்ளிக்கூடம் திறக்கப் போகிற நேரம் வேறு. யூனிஃபார்ம் சீசனில் மிஷின் ஓடினால்தான் மற்ற மாதங்களில் வீடு ஓடும். பெயரில்லாத கடையை யார் தேடி வருவார்கள்? முயல் எங்கே என்று கேட்டால் ஷோரூம் பக்கம்தான் கை நீளும்.

"ஏங்க்கா, உங்க போர்டுல இருக்கக் கூடாதுன்னுதானே நோட்டீஸ்ல போட்டிருக்கு?" பெயின்டர் மேலிருந்து கேட்டான்.

"ஆமா. வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாத."

"சும்மா கேட்டேன். குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்களேன்."

"தெருக்குழாய்ல வருது, போய்க் குடி."

அதற்குள் எதிர்க் கடை சலூன்காரர் குரல் கொடுத்தார். "தம்பி, அங்க முடிச்சிட்டு நம்ம போர்டுக்கும் வந்துடு!"

"அப்படியே எனக்கும்!" என்றார் பக்கத்து சைக்கிள் கடைக்காரர். தெருமுனையிலிருந்து சாவிக்கடைக்காரரும் கையை ஆட்டினார்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோட்டீஸ் வந்த அன்றைக்கு என்ன ஏது என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. இன்றைக்கு மட்டும் நீளுகிறது.

"பாத்தீங்களா? நான் இங்க பேரைத் தொலைச்சிட்டு நிக்கிறேன், இவங்க போர்டுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கிறாங்க!"

உள்ளே பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த கணவர் தலை நிமிரவில்லை. "விடு. நமக்கு ஒண்ணுன்னா ஊரே அழணுமா?"

"அழ வேணாம். சீட்டி அடிக்காம இருக்கலாமில்ல?"

சாயங்காலம் பார்த்தால் தெருவில் பாதிப் போர்டு வெள்ளையாக நின்றது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று முணுமுணுத்தபடி ஷட்டரை இழுத்து மூடினாள்.

வீடு கடைக்குப் பின்பக்கம். மறுநாள் காலையில் உள்பக்கமாக வந்து ஷட்டரைத் தூக்கினால், எதிரே புதிதாக ஓர் ஆள். கழுத்தில் கம்பெனி அட்டை.

"போர்டு பாத்துட்டு வரச் சொன்னாங்க."

"நல்லாப் பாருங்க. இப்ப மனசு குளிர்ந்து போச்சா? கடையக் கண்டுபிடிக்க முடியாமத் தெருத் தெருவா அலைஞ்சிருப்பீங்களே?"

"இல்லையேம்மா. மெயின் ரோட்டுல இருந்து போர்டப் பாத்துக்கிட்டே நேரா வந்துட்டேன்."

"எந்தப் போர்ட?"

அவர் எதிரே கையைக் காட்டினார். அக்கா படியிறங்கி வந்து பார்த்தாள்.

'சலூன். முயல் தையல் கடைக்கு எதிரில்.' எழுத்தில் இன்னும் ஈரம் காயவில்லை. பக்கத்தில், 'சைக்கிள் ரிப்பேர். முயல் தையல் கடையை ஒட்டி.' தெருமுனையில், 'சாவி செய்யுமிடம். இங்கே திரும்பினால் முயல் தையல் கடை.' ஸ்டேஷனரி கடைக்கு மேலே ஏணியில் நின்று பெயின்டர் தம்பி ஒரு முயலுக்குக் காது வரைந்துகொண்டிருந்தான். அதே சீட்டி.

இவர்களையா நேற்றெல்லாம் கரித்துக்கொட்டினோம் என்று அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த நொடியே கம்பெனி ஆள் நினைவுக்கு வந்தார்.

"சார், சத்தியமா இதெல்லாம் எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாதும்மா." அவர் அவளுடைய வெள்ளை போர்டை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டார். "இந்த ஒரு போர்டப் பாக்கத்தான் என்னை அனுப்பினாங்க. ஊரு போர்டெல்லாம் பாக்கச் சொல்லல."

அக்கா உள்ளே ஓடினாள். ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஏணிப் பக்கம் கிளம்பினாள்.

"ஒரு நிமிஷம்மா."

கம்பெனி ஆள் இன்னும் போகவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பைக்குள்ளிருந்து ஒரு புதுச் சட்டையை மெல்ல உருவினார். மார்புப் பாக்கெட்டில் முயல் படம் போட்ட சட்டை.

"எங்க கம்பெனிதுதான். ஒரு தடவை துவைச்சதுக்கே தோள்பட்டை பிரிஞ்சிடுச்சு. கொஞ்சம் தைச்சுத் தர்றீங்களா?"