நல்லம்மாள் சொன்ன ஸ்தோத்திரம்

"எழுந்திரு நல்லம்மா. கர்த்தர் நம்ம வீட்டுக்குச் செஞ்ச நன்மையச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணு," என்றார் தங்கராஜு, பிரசங்க மேடையிலிருந்து.

தோட்டத்தில் அவர் மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. ஞாயிற்றுக்கிழமைகளில் சபை மூப்பர். வீட்டில் இரண்டும்.

நல்லம்மாள் எழுந்தாள். நாற்பது முகங்கள் அவள் பக்கம் திரும்பின.

விஷயம் எல்லாருக்கும் தெரியும். வரும் சனிக்கிழமை மகள் ஜெபமணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தஞ்சோங் காராங்கில் மூன்று லோரி வைத்திருப்பவர். மனைவியை இழந்தவர். வயது நாற்பத்தாறு. ஜெபமணிக்குப் பத்தொன்பது.

கர்த்தரே காட்டிய வரன் என்று தங்கராஜு பேசி முடித்துவிட்டார். மகள் வேண்டாமென்று அழுதாள். குறுக்கே போன நல்லம்மாளுக்கு விழுந்த அடியில் இடது தோள் இன்னும் வீங்கியிருந்தது. முறுமுறுக்காதே, எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல் என்றார்.

ஒரு மாதமாக அந்த வார்த்தை அவள் வாயில் வரவில்லை. பாட்டு நேரத்தில் உதட்டை மட்டும் அசைப்பாள். எங்கே போவது? சபையும் அவருடையது, லயத்து வீடும் அவர் வேலைக்குக் கொடுத்தது.

"சொல்லு."

மணி பத்தரை ஆகியிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எம் மகளுக்குக் கர்த்தர் ஒரு வழியத் திறந்தாரு. ஸ்தோத்திரம்."

"அல்லேலூயா!" தங்கராஜுவின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. முகமெல்லாம் பூரிப்பு.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். வீடு போய்ச் சேரும்வரை அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு மாதம் கழித்து மனசார வந்த வார்த்தை. பாதியில் விழுங்க அவளுக்கு மனம் வரவில்லை.

"இன்னிக்குக் காலையில கிள்ளான் டவுனுக்குப் போற ஆறு மணி பஸ்சு சரியான நேரத்துக்கு வந்துச்சு. அதுக்கும் ஸ்தோத்திரம்."

சபை சிரித்துக்கொண்டே ஆமென் சொன்னது. அந்த பஸ் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை.

தங்கராஜு மட்டும் சொல்லவில்லை.

ஜெபமணி காய்ச்சலில் போர்த்திப் படுத்திருக்கிறாள் என்றுதான் காலையில் நல்லம்மாள் அவரிடம் சொல்லியிருந்தாள்.