பதினாறாவது ஊசி
கருத்தரிப்பு சிகிச்சைக்குத் துணையாக இருக்கட்டுமென்று அக்குபஞ்சர்காரி கோகிலவாணியின் உடம்பில் பதினாறு ஊசிகளைக் குத்தி, பதினைந்தை மட்டும் பிடுங்கியிருந்தாள். உச்சந்தலையில் தங்கிப்போன ஒன்றை லிஃப்ட் கண்ணாடியில்தான் கோகிலவாணி பார்த்தாள். பிடுங்கக் கையைத் தூக்கும்போதே கதவு திறந்தது.

கீழே கணவன் சுகவனம், நிறுத்திய காரில் உட்கார்ந்து அம்மாவோடு ஸ்பீக்கர் போனில் பேசிக்கொண்டிருந்தான். ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிற மகாவீரன், மேலே ஒருநாளும் வந்ததில்லை.

"கோளாறு பூரா அவகிட்டதாம்மா. எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

உயிரணு போதாது என்று அவன் பெயருக்கு வந்த ரிப்போர்ட்டை அவன் அம்மாவின் கண்ணில் காட்டியதே இல்லை. கோகிலவாணி கையை இறக்கிக்கொண்டு காரில் ஏறினாள்.

வாராவாரம் செய்கிறபடி, சுகவனம் நாய்க்குட்டியைத் தட்டிக்கொடுப்பவன்போல அவள் தலையை நோக்கிக் கையை நீட்டினான். அவள் தலையைக் குனிந்து காட்டினாள்.

"ஒண்ணை எடுக்க மறந்துட்டாங்க. நீங்களே பிடுங்கி விடுங்க."

அவன் கை அந்தரத்தில் நின்றது. உதடு வெளுத்தது.

"டேய், என்னடா சத்தத்தையே காணோம்? இருக்கியா?" என்றாள் அம்மா.

கோகிலவாணி தலையை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் நீட்டினாள்.