லயத்தில் ஐந்து சாவு

காப்புக் கயிறு வைத்த தட்டோடு மாணிக்கம் அண்ணன் வாசலில் வந்து நின்றதும், பக்கிரிசாமி வாய் கூசாமல் தன் சித்தப்பாவைக் கொன்றான்.

ஊரிலிருந்து கடிதம் வந்ததாம். சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டாராம். தீட்டோடு எப்படிக் காப்புக் கட்டிக்கொள்வது?

சித்தப்பா கும்பகோணத்தில் குத்துக்கல்லாட்டம் இருந்தார்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்திலிருந்து, மாணிக்கம் அண்ணன் தலைமையில் வருஷா வருஷம் பத்துமலை முருகனுக்குக் காவடி எடுக்கும் பத்து வாலிபர்களில் அவனும் ஒருவன். ஆனால் தீபாவளி சமயம் ஒரு நாள் வேலி தாண்டிவிட்டான். அதிலிருந்து வேட்டிக்குள்ளே, வெளியே சொல்ல முடியாத இடத்தில், கொப்புளம் வருவதும் காய்வதுமாக இருந்தது. இந்த உடம்போடு முருகன் முன்னால் போய் நிற்க முடியுமா?

தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய் ஒரு டிரெஸ்ஸரிடம், மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி ஆளிடம், காட்டினான். அந்த மனிதர் சிரித்தார்.

"இது உசுர எடுக்காது தம்பி, போவும், வரும். உன் வயசுப் பயலுங்கள்ல பாதிப் பேருக்கு இருக்கு, ஒருத்தனும் வாயத் தொறக்கமாட்டான்."

சும்மா தேற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து தட்டு தனி, துண்டு தனி, பாய் தனி. யார் தோளிலும் கை போடுவதில்லை. ஒரே அறையில் இருக்கும் வாசுகூட இப்போதெல்லாம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தெரிந்துபோய் அருவருக்கிறான் போலிருக்கிறது. லயம் நிறைய ஆள் இருந்தும் பக்கிரிசாமி நாதியற்றுக் கிடந்தான்.

மாணிக்கம் அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னடா இது, இன்னிக்கு நீ நாலாவது ஆளு! ஊர்ல காலரா கீலரா வந்துருச்சா?"

பிறகு உள்ளே எட்டிப் பார்த்து வாசுவைக் கூப்பிட்டார். வாசு குனிந்த தலை நிமிராமல், தன் தாய்மாமன் தவறிவிட்டதாகச் சொன்னான். அண்ணன் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த வாசலுக்கு நடந்தார்.

பக்கிரிசாமிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வாசு நாகப்பட்டினத்து அனாதை இல்லத்தில் வளர்ந்து, அங்கிருந்தே கப்பலேறியவன். செத்துப்போக அவனுக்கு ஒரு மாமனும் கிடையாது.

பக்கிரிசாமி எழுந்து வாசுவிடம் போனான். துக்கம் விசாரிக்கிறவன்போல இரண்டு கைகளையும் நீட்டினான். இத்தனை நாளில் அவன் இன்னொரு மனிதனைத் தொடுவது அதுதான் முதல் தடவை.

வாசு அந்தக் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு, இல்லாத மாமனுக்காக விக்கி விக்கி அழுதான்.