கவுத்தக்கா

"சார், இன்னிக்கு ஒருநாள் மட்டும் கவுத்தக்காவை உள்ளே விடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மேனேஜரிடம் கெஞ்சினான் புதுமாப்பிள்ளை. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் ஆபீஸில் அவனுக்கு அதுதான் பேர். வேலை நிரந்தரமா இல்லையா என்பது இன்று சாயங்காலம் தெரிந்துவிடும். மனைவி வேறு மாசமாக இருக்கிறாள்.

நோயாளியின் இதயத்துடிப்பைத் திரையில் காட்டும் மெஷின் செய்கிற ஆபீஸ் அது. மெஷின் ஓடும்போதே அதன் அடிமடியில் கை வைத்து, கெர்னல் என்கிற ஆதார மென்பொருளை வேண்டுமென்றே கவிழ்ப்பதுதான் கவுத்தக்காவின் உத்தியோகம். சம்பளம் கொடுத்துச் செய்யச் சொன்ன அக்கிரமம்.

கவிழ்ந்த மெஷினைத் தானாக எழுந்து வேலையைத் தொடர வைக்க வேண்டியது புதுமாப்பிள்ளையின் பொறுப்பு. 'முடிச்சுட்டேன்' என்று அவன் வரும்போதெல்லாம் அவள் ஒரு தட்டுத் தட்டிக் கவிழ்த்துவிட்டு, எழுந்திருக்கவில்லையே, போய்ப் பார் என்று திருப்பி அனுப்புவாள். போன வாரம்தான் ஒருவழியாகத் தலையாட்டினாள்.

மேனேஜர் தங்கமான மனுஷர். அவன் தோளில் தட்டிக்கொடுத்து, "நான் இருக்கேன் தம்பி, கவலைய விடு" என்றார்.

மெஷின் வாங்க வந்த டாக்டர்கள் உட்கார்ந்தார்கள். திரையில் பச்சைக் கோடு சமர்த்தாக ஓடியது. மேனேஜர் அதன் கலரையும் கனத்தையும் வாய் ஓயாமல் புகழ்ந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள் கவுத்தக்கா. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே கீபோர்டில் தட்டினாள். திரை கறுத்தது.

பாவி, பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டுவிட்டாளே என்று புதுமாப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான்.

கண்மூடித் திறப்பதற்குள் மெஷின் எழுந்துகொண்டது. பச்சைக் கோடு எதுவுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடியது.

பெரிய டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இதுதாங்க எங்களுக்கு வேணும். யார் செஞ்சது?"

மேனேஜர் புதுமாப்பிள்ளையைக் கைகாட்டினார். டாக்டர் எழுந்து வந்து அவன் கையைக் குலுக்கினார்.

வெளியே வந்ததும் அவன் கவுத்தக்காவை மடக்கினான். "ஏங்க்கா, என்னைக் கண்டாலே உங்களுக்கு ஆகாதா? கொஞ்சம் பிசகியிருந்தா என் கதி?"

காலையிலிருந்து கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் வந்ததாக அவள் சொன்னாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"உன்னை வீட்டுக்கு அனுப்புறதுன்னு மேனேஜர் நேத்தே முடிவு பண்ணிட்டாருப்பா. நீ செஞ்சது எதுவும் கண்ணுக்குத் தெரியலையாம். கவுக்காம எப்படித் தெரியும்?"