வாளியில் வாய் வைக்காத குதிரை

14.11.1990, புதன்கிழமை. இன்றைய பிழை: குதிரை அசை போடும் என்று நினைத்து மத்தியானம் முழுக்கப் பக்கத்திலிருந்து பார்த்தேன். குதிரை அசை போடுவதில்லையாம்.

யோகமலர் எழுதியதை வாசித்துப் பார்த்தாள். ‘மாட்டு டொக்டரின் மனைவி சொன்னது, சரியோ தெரியாது’ என்று கீழே சேர்த்தாள். மனம் கேட்கவில்லை. ‘சரியாகவும் இருக்கலாம்’ என்று இன்னொரு வரி.

நாளும் நாட்குறிப்பு எழுதச் சொன்னவர் மாலை வகுப்பு மாஸ்டர். இங்கிலீசில் எழுதத்தான் சொன்னார். அசை போடுவதற்கு இங்கிலீசில் என்ன சொல் என்று தெரியாததால் இன்றைக்குத் தமிழ்.

குதிரை வேலியோரம் நின்றது. நெடுந்தீவு மட்டக் குதிரை. வந்தபோது உருண்டு திரண்டிருந்தது. இப்போது வேலிக் கதியால் தடிகளை எண்ணுவது போல அதன் விலா எலும்பை எண்ணலாம்.

வீட்டில் எல்லோருக்கும் மாடு தெரியும். குதிரை ஒருவருக்கும் தெரியாது. ஆகவே மாட்டுக்குச் செய்வதெல்லாம் குதிரைக்கு நடந்தது.

எள்ளுப் பிண்ணாக்கு கரைத்து வைத்தார்கள். மோந்து பார்த்துவிட்டு நின்றது. வயிற்று மந்தமாக்கும் என்று அப்பா ஏரம்பு இஞ்சியும் ஓமமும் இடித்து வாயில் திணித்தார். அவ்வளவையும் அவருடைய சட்டையில் தும்மியது.

பிறகுதான் யோகமலர் பொறுப்பெடுத்தாள். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவது அவளுடைய முறை. கொள்ளு ஊறவைத்தாள். தவிடு கலந்தாள். உப்புக் கூட்டினாள், குறைத்தாள். கடைசியில் வாளியையே மாற்றினாள்.

வேலியோரத்துப் புல்லைத் தன்பாட்டில் கொறிக்கும். வாளியில் வைத்ததை மட்டும் தொடாது. அந்த நாலு புல்லை நம்பி ஒரு குதிரை எத்தனை நாளைக்கு நிற்கும்?

“எங்கடை தேத்தண்ணிக்கே சர்க்கரை இல்லை. இவவுக்குக் குதிரைக்குச் சர்க்கரை வேணுமாம்,” என்றாள் அம்மா நல்லம்மா. சொன்ன கையோடு ஒரு துண்டைக் கொண்டுவந்தும் போட்டாள். “லாபிர் நானா வந்து கேட்டால் எலும்பையோ கட்டிக் குடுக்கிறது?”

அதுதான் எல்லோருக்கும் கவலை.

லாபிர் நானா குதிரை வண்டிலில் புடவை கொண்டுவந்து விற்பவர். போன மாதக் கடைசியில் ஒரு காலை, படலையில் வந்து யாரோ சொன்ன சேதியைக் கேட்டதும் முகம் மாறிப்போயிற்று. குதிரையை அவிழ்த்து இந்த வேலியில் கட்டினார். ஏரம்புவின் சைக்கிளை வாங்கிக்கொண்டு பட்டணத்துக்குப் பறந்தார். “உவனைக் கொஞ்சம் பாருங்கோ, வாறன்” என்றதுதான் கடைசிக் கதை. குதிரையின் பெயரைக் கூடக் கேட்டுவைக்கவில்லை.

“சைக்கிளைக் குடுத்துக் குதிரை எடுத்த ஆள் ஊரிலை நான் ஒருத்தன்தான்,” என்பார் ஏரம்பு. “அதுவும் தின்னாத குதிரை.”

இன்றைய வாளியை யோகமலர் முன்னால் வைத்தாள்.

குதிரை வாளியைப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது. திரும்பவும் வாளி. வாயோரம் எச்சில் ஒழுகியது. ஆனால் தலை குனியவில்லை.

கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் இருந்துகொண்டு, யாராவது ‘சாப்பிடுங்கோ’ என்று சொல்லட்டும் என்று பார்த்திருக்கும் சம்பந்தியின் முகம் அது.

யோகமலர் பென்சிலைக் கீழே வைத்தாள்.

லாபிர் நானாவின் மகள் ஸபூரா மாலை வகுப்பில் அவளுக்குப் பக்கத்து இருக்கை. இடைவேளையில் இரண்டு பேருக்கும் ஒரே கடலைச் சுருள். யோகமலர் முந்திக்கொண்டு கையை விட்டால் மணிக்கட்டில் ஓர் அடி விழும். “பொறடி. சொல்லிப்போட்டுத் தின்.” பிறகு ஸபூராவே இரண்டு பேருக்கும் சேர்த்து மெல்லச் சொல்வாள்.

அந்த இருக்கையில் இப்போது ஒருவரும் இல்லை. அவர்களுடைய தெருவில் எந்த வீட்டிலும் ஒருவரும் இல்லை. முஸ்லிம்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று ஆயுதத்தோடு வந்தவர்கள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அதற்குள் ஒரு குதிரையின் பழக்கத்தை யார் யாரிடம் சொல்லிவைப்பது?

யோகமலர் திரும்பிப் பார்த்தாள். அப்பா தோட்டத்து வெங்காயத் தறையில். அம்மா அடுப்படியில்.

வாளிக்கு மேலே குனிந்து, உச்சரிப்புப் பிழையாகிவிடுமோ என்ற பயத்தோடு சொன்னாள்.

“பிஸ்மில்லா.”

குதிரையின் காதுகள் இரண்டும் முன்னுக்கு வந்தன. பிறகு தலை வாளிக்குள் போயிற்று. நெடுநேரம் வெளியே வரவில்லை.

மண்வெட்டியோடு வந்த ஏரம்பு வெறும் வாளியை எட்டிப் பார்த்தார். அதைக் காலால் ஒருமுறை உருட்டியும் பார்த்தார். காலையில் பூசிய திருநீறு வியர்வையில் பாதி கரைந்த நெற்றி சுருங்கியது.

“என்ன பிள்ளை போட்டனி?”

“கொள்ளும் தவிடும்.”

“உதுதானே நேற்றும் போட்டது.”

“ஓம்.”

ஏரம்பு குதிரையின் கழுத்தில் தட்டினார். இத்தனை நாளில் முதன்முதலாக அவருக்குச் சிரிப்பு வந்தது. “அப்ப நீ நாளைக்கு வகுப்பை விடாதை. பின்னேர வாளியை நானே வைக்கிறன். ஆர் வைச்சாலும் தின்னும் போலை கிடக்கு.”

அவர் கிணற்றடிக்குப் போனதும் யோகமலர் பென்சிலை எடுத்தாள். கொஞ்சம் யோசித்தாள். அடித்துத் திருத்தாமல் எழுதி முடித்தாள்.

நாளை: காலையில் கொள்ளு ஊறப்போட வேண்டும். பின்னேரம் வகுப்பு, வாளி வைப்பது அப்பா. போவதற்கு முன் அவருக்கு அந்தச் சொல்லைச் சொல்லிப் பழக்க வேண்டும்.