பாலிஷ் போட்ட ஷூ

கிட்ட வாங்க கண்ணுகளா, அலெக்சாண்டிரியாவில் ஒருத்தி நடுநடுங்கிப்போன கதையைச் சொல்கிறேன்.

பாலிஷ் போட்ட கறுப்பு ஷூக்காரர் மூன்றாவது தெருவிலும் பின்னாலேயே வந்தார். சுஹேர் நடையை எட்டிப் போட்டாள்.

வீடில்லாதவர்களைக் கணக்கெடுக்கும் அரசு வேலை அவளுக்கு. பட்டியலில் ஏறியவர்களுக்குத்தான் மழைக்காலத்தில் விடுதியில் கட்டில். "கேட்டுச் சங்கடப்படுத்தாதீங்க, பாத்தாலே தெரியும்" என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். அட்டையில் படுத்தவர், வெறுங்காலோடு திரிந்தவர் என்று காலையிலிருந்து முப்பத்தெட்டுப் பேரை எழுதிவிட்டாள். அனுமதிக் கடிதத்தைத்தான் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டாள்.

"நஜ்லா, திரும்பிப் பாக்காத. டிராம் ஸ்டாப் பெஞ்சுல இருந்தாரே, அதே ஆளுடி. மூணு டிராம் வந்து போச்சு, ஒண்ணுலயும் ஏறல. நம்மளயே பாத்துட்டிருந்தாரு."

கூட வந்த நஜ்லாவுக்கு எல்லாமே விளையாட்டு. "உன்னைப் பொண்ணு பாக்க வந்திருப்பாருடி. கோட்டும் டையுமா என்ன ஜோரு!"

"வாய மூடு. மப்டி போலீஸ்டி அது. போன வாரம் கடிதம் இல்லாமக் கணக்கெடுக்கப் போன எங்க ஆபீஸ் ஹுதாவ, பொழுது சாயற வரைக்கும் ஸ்டேஷன்ல உக்கார வச்சாங்களே, மறந்துட்டியா?"

நஜ்லாவின் சிரிப்பு நின்றது. இருவரும் அவரைக்காய் வண்டியைச் சுற்றிக்கொண்டு ஒரு சந்துக்குள் ஓடினார்கள். சந்து மதிலில் முட்டி நின்றது.

மழை தூறத் தொடங்கியது. ஷூச் சத்தம் நெருங்கி வந்து, எதிரே நின்றது.

சுஹேர் காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஐயா, கடிதம் வீட்டுல இருக்கு. சத்தியமா கவர்மென்ட் வேலைதான். இவள விட்டுடுங்க, இவ சும்மா துணைக்கு வந்தா."

யாராவது பார்க்கிறார்களா என்று சந்து முனையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் கோட்டின் உள்பைக்குள் கையை விட்டார். அடையாள அட்டை வரப்போகிறது என்று சுஹேர் கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது, அவர் உள்ளங்கையில் ஒரு கைக்குட்டை விரிந்திருந்தது. அதில் ஒரு பல் பிரஷ், பல் போன சீப்பு, தீரப்போகிற ஷூ பாலிஷ் டப்பி.

"என் வீட்டுச் சாமான் இவ்வளவுதான். என்னை எழுதாமப் போயிட்டீங்களே, மகளே."

உங்கள் வீட்டுக் கூரை ஒழுகாதிருக்கட்டும், கண்ணுகளா. அதன் கீழே உங்கள் எல்லாருக்கும் இடமிருக்கட்டும்.